முகூர்த்த நாள்தான் உங்கள் சரக்கு

கல்யாண வீடியோ எடுக்கும் சிறு நிறுவனங்களை நடத்துபவர்கள், ஆர்டர் பிடிப்பது, விலை சொல்வது, பாக்கி வசூலிப்பது ஆகியவை குறித்த ஐயங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவாக இருக்கும் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, முப்பது ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் தம்பியும் நான்கு ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ எடுத்து வருகிறோம். கேமராக்கள், கேமராவை ஆடாமல் பிடிக்க உதவும் கிம்பல், மிக்சிங் (காட்சிகளை வெட்டிச் சேர்ப்பது) செய்யும் கம்ப்யூட்டர் எல்லாம் சொந்தமாக இருக்கின்றன. நாங்கள் 50,000 ரூபாய் என்று சொன்னால், "பக்கத்துத் தெருவில் 25,000 ரூபாய்க்கே எடுத்துத் தருகிறார்கள்" என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார்கள். விலையைக் குறைக்காமல் இந்தத் தொழிலில் நிற்க முடியுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முடியும். ஆனால் முதலில் உங்கள் கடையில் இருக்கும் சரக்கு எது என்று பார்க்க வேண்டும். மளிகைக் கடைக்காரரிடம் இன்று விற்காத அரிசி நாளை விற்கும். நம் தொழிலில் சரக்கு என்பது முகூர்த்த நாள். ஆவணி மாத வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை ஒன்றை 25,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கிவிட்டால், பத்து நாள் கழித்து அதே தேதிக்கு 60,000 ரூபாய் தரத் தயாராக வரும் குடும்பத்துக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஆடி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியைப் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. மிச்சமிருக்கும் மாதங்களிலும் எல்லா நாளும் முகூர்த்தம் ஆவதில்லை. எனவே தினசரி காலண்டரை எடுத்து அடுத்த ஓராண்டின் முகூர்த்த நாட்களை ஒரு நோட்டில் எழுதி, விடுமுறை நாளில் விழும் வளர்பிறை முகூர்த்தங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்கு ஒரு விலையும், வார நாட்களில் வரும் தேய்பிறை முகூர்த்தங்களுக்குச் சற்றுக் குறைந்த விலையும் வைப்பதில் தவறே இல்லை. மண்டபக்காரர்கள் பலர் வெகு காலமாக அப்படித்தான் வாடகை வைக்கிறார்கள்.

அடுத்தது, உங்கள் அடக்க விலை உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஓர் உதாரணக் கணக்குப் போடுகிறேன். எண்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கடை வாடகை, மின்சாரம், கேமராவுக்கான கடன் தவணை, பழுது பார்ப்பது, இன்சூரன்ஸ், விளம்பரம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி இருவருக்கும் மாதம் ஆளுக்கு 25,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கு வேண்டும் என்றால், அது 6,00,000 ரூபாய். மொத்தம் 9,60,000 ரூபாயை ஆண்டுக்கு 40 ஆர்டர்களால் வகுத்தால், ஓர் ஆர்டர் தலையில் 24,000 ரூபாய் விழுகிறது. அதற்கு மேல், அந்தக் கல்யாணத்துக்கென்றே ஆகும் கூடுதல் கேமராமேன் கூலி, பயணம், வெளியில் கொடுத்துச் செய்யும் மிக்சிங், ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் ஆகியவற்றுக்கு 21,000 ரூபாய் ஆனால், அடக்க விலை 45,000 ரூபாய். ஆர்டர் 30 ஆகக் குறைந்தால் அடக்கம் 53,000 ரூபாய் ஆகிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 25,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்பவர், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தன் பையிலிருந்து மொய் எழுதிக்கொண்டிருக்கிறார்.

வாடிக்கையாளர் குறைக்கச் சொன்னால், விலையோடு சேர்த்து வேலையையும் குறையுங்கள். "40,000 ரூபாய்க்குள் வேண்டுமென்றால் ரிசப்ஷனுக்கு ஒரே கேமரா வைத்துக்கொள்ளலாம், ஹைலைட்ஸ் தனியாக இருக்காது, முகூர்த்தத்தில் மட்டும் எதையும் குறைக்க மாட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள். காரணம் சொல்லாமல் 50,000 ரூபாயை 40,000 ரூபாயாக இறக்கினால், முதலில் சொன்ன விலை ஏமாற்று விலை என்றுதான் எதிரே இருப்பவருக்குத் தோன்றும். இன்னும் இறங்குவீர்கள் என்று காத்திருப்பார். எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் விலை இறங்குகிறது என்று தெரிந்தால், எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று அவரே யோசிக்கத் தொடங்குவார். அந்த இடத்துக்கு வந்த குடும்பங்கள் பெரும்பாலும் முழுத் தொகைக்கே ஒப்புக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை மரியாதையோடு வழியனுப்புங்கள். பக்கத்துத் தெருக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் குறைவாகச் சொல்ல வேண்டாம். அவருடைய கேமராமேன் ஒருநாள் உங்களுக்குத் தேவைப்படுவார்.

கேள்வி: என் இன்ஸ்டாகிராம் கணக்கில் 20,000 பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள். ஒவ்வொரு ரீல்ஸுக்கும் ஆயிரக்கணக்கில் லைக் விழுகிறது. ஆனால் அதிலிருந்து இந்த ஆண்டு வந்த ஆர்டர் இரண்டுதான். எங்கே தவறு செய்கிறேன்?
– வாசகர், திருப்பூர்

பதில்: அந்த 20,000 பேரில் திருப்பூரைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் அடுத்த ஓராண்டுக்குள் வீட்டில் கல்யாணம் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும். கணக்கைப் பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை இன்ஸ்டாகிராமே காட்டுகிறது. அதை இன்றைக்கே திறந்து பாருங்கள். பணம் கொடுத்து விளம்பரம் செய்தால், உங்கள் ஊரை மையமாக வைத்து இத்தனை கிலோமீட்டர் சுற்றளவு என்று வரையறுத்து, சீசன் தொடங்குவதற்கு மூன்று நான்கு மாதங்கள் முன்னதாகவே செய்யுங்கள். மண்டபம் பேசி முடித்த கையோடுதான் வீடியோக்காரரைத் தேடுகிறார்கள். பத்திரிகை அடிக்கும் நேரத்தில் தேடுபவர்கள் குறைவு.

மீதிப் பாதி விடை வீட்டுக்குள் இருக்கிறது. ரீல்ஸைப் பார்த்து உங்களைத் தேர்ந்தெடுப்பது மணப்பெண்ணாக இருக்கலாம். ஆனால் பணம் கொடுப்பவர் அவருடைய அப்பாவாகவோ தாய்மாமனாகவோ இருப்பார். அப்பா கேட்கும் கேள்வி வேறு: "எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வீடியோவில் வருவார்களா? தாரை வார்ப்பது முழுதாக இருக்குமா? மாமன் சீர் கொண்டுவருவதை எடுப்பீர்களா?" புகைமண்டலத்துக்குள் மணமக்கள் மெதுவாகத் திரும்பிப் பார்க்கும் 30 வினாடிக் காட்சியில் இவற்றுக்குப் பதில் இல்லை. ஆகவே வீட்டாரிடம் பேசப் போகும்போது முழுக் கல்யாணம் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தி வரைக்கும் மூன்று மணி நேரம் ஓடும் டிரெடிஷனல் வீடியோவை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டு, பெரியவர்கள் கேட்கிற இடத்தை ஓட்டிக் காட்டுங்கள். அந்த வீடியோவை எடுத்துக்கொடுத்த குடும்பத்திடம் இதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நான் பேசி முடித்த ஆர்டர்களில் பெரும்பாலானவை அப்படி ஒரு கூடத்தில், தாத்தாவோ பாட்டியோ "இது நன்றாக இருக்கிறது" என்று சொன்ன பிறகுதான் முடிந்திருக்கின்றன.

பலரும் அலட்சியமாக விடுவது கூகுள் மேப்பில் இருக்கும் தொழில் பக்கம். அதற்குக் கட்டணம் கிடையாது. ஊர்ப் பெயரோடு "கல்யாண வீடியோ" என்று தேடுபவர், பார்த்து ரசிக்க வந்தவர் அல்லர். வீட்டில் தேதி குறித்துவிட்டுத் தேடுகிறார். அங்கே உங்கள் கடையின் பெயர், வேலை நேரம், நீங்கள் எடுத்த காட்சிகள், பத்து இருபது குடும்பங்கள் எழுதிய கருத்துகள் ஆகியவை இருந்தால் போதும். கருத்து எழுதச் சொல்லிக் கேட்க ஏற்ற நேரம், முடிந்த வீடியோவைக் கொடுத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் அந்த மாலை. கருத்து எழுதினால் தள்ளுபடி தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். கூகுள் அதைத் தடை செய்திருக்கிறது, படிப்பவருக்கும் அது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்லாக் என்ற வசதி உண்டு. உங்கள் பேக்கேஜ்களை விலையோடு அதில் போட்டு வையுங்கள். "விலைக்கு இன்பாக்ஸில் வரவும்" என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மகளின் கல்யாணச் செலவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தகப்பனாருக்கு அது அவமதிப்பாகவே படும்.

கடைசியாக, அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி யார் சொன்னார்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சீசன் முடிவில் எண்ணிப் பார்த்தால், உங்கள் பணத்தையும் நேரத்தையும் எங்கே செலவிடலாம் என்பதை அந்த நோட்டுச் சொல்லும்.

கேள்வி: எங்கள் ஊர் மண்டபம் ஒன்றின் மேலாளர், ஆர்டருக்கு 10 சதவீதம் கமிஷன் கொடுத்தால் எல்லாக் கல்யாணத்தையும் எனக்கே அனுப்புவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மண்டபத்தின் உரிமையாளருக்குத் தெரிந்து, ரசீதோடு, உங்கள் விளம்பரச் செலவாக எழுதக்கூடிய தொகையாக இருந்தால் கொடுக்கலாம். மேலாளரின் சட்டைப் பைக்குப் போகும் தொகை என்றால் வேண்டாம். அடுத்த மாதம் 15 சதவீதம் தருகிறேன் என்று இன்னொருவர் வந்தால் அவர் அங்கே போய்விடுவார், அதற்குள் உங்கள் விலையும் ஏறியிருக்கும். அதைவிட, குடும்பத்தின் சம்மதத்தோடு அந்த மண்டபத்தின் அலங்காரமும் மேடையும் நன்றாகத் தெரியும் ஒரு நிமிடக் காட்சியை வெட்டி மண்டபத்தாருக்குக் கொடுங்கள். வாடகை விசாரிக்க வருபவர்களுக்குக் காட்ட அவர்களிடம் அப்படி ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. மேடை அலங்காரம் செய்பவர், மணப்பெண் ஒப்பனை செய்பவர், நாகஸ்வரக் குழுவினர் எல்லோருக்கும் இதே போலச் செய்யலாம். கல்யாண வீட்டில் வீடியோக்காரரைப் பற்றி முதலில் விசாரிக்கப்படுபவர்கள் இவர்கள்தான்.

கேள்வி: கல்யாணம் முடிந்ததும் பாக்கித் தொகையை வாங்குவதே பெரும் பாடாக இருக்கிறது. ஒரு குடும்பம் எட்டு மாதங்களாக 18,000 ரூபாய் தரவில்லை. கேட்டால், "வீடியோவைக் கொடுங்கள், பிறகு தருகிறோம்" என்கிறார்கள். பணம் வந்தால்தான் மிக்சிங் செய்பவருக்குக் கொடுக்க முடியும். விற்பனையைப் பெருக்குவது பற்றி எழுதுகிறீர்கள். விற்ற பிறகு பணம் வருவதற்கு என்ன வழி?
– வாசகர், சிவகாசி

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். பாக்கி வராததும் அடுத்த ஆர்டர் வராததும் வெவ்வேறு நோய்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வேலை முடிந்து கைக்குப் போய்ச் சேராத வீடியோ.

கல்யாணம் முடிந்த மறுநாள் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மண்டபக்காரர், சமையல்காரர், பந்தல்காரர், வாழைமரம் கட்டியவர் வரை எல்லோருக்கும் கணக்கு முடித்துவிடுகிறார்கள். ஏனென்றால் அவர்கள் எல்லோரும் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். நம் வேலை மட்டும் முடியவில்லை. ஆகவே நம்முடைய பணத்தை நிறுத்தி வைப்பதில் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டுதான் வழி தேட வேண்டும்.

தேதியை உறுதி செய்யும்போது மூன்றில் ஒரு பங்கு, ரிசப்ஷன் தொடங்குவதற்கு முன் பாதித் தொகை, வீடியோவை வீட்டில் போட்டுக் காட்டும் நாளில் மிச்சம் என்று தவணையை அமைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணை மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் இருக்க வேண்டாம். இதை வாய்ச்சொல்லாக விடாமல் ஓர் ஆர்டர் படிவத்தில் தமிழில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள். எந்தெந்தச் சடங்கு, எத்தனை கேமரா, எத்தனை மணிக்கு வருவோம், ஹைலைட்ஸ் எத்தனை நிமிடம், முழு வீடியோ எந்தத் தேதிக்குள் கிடைக்கும், தேதி தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும் என்ற அனைத்தும் அதில் இருக்க வேண்டும். அதிகாலை 4.30 மணி முகூர்த்தம் என்றால் முந்தைய இரவு தங்க இடம் யார் பொறுப்பு என்பதைக்கூட எழுதுங்கள். பல மனக்கசப்புகள் அங்கேதான் தொடங்குகின்றன. பாடல் தேர்வைக் குடும்பத்தாரே மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் உண்டு. "30 நாட்களுக்குள் சொல்லாவிட்டால் நாங்களே தேர்ந்தெடுப்போம்" என்ற ஒரு வரி அந்தத் தாமதத்தைத் தீர்க்கும்.

ஒரே நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது. தவணை தவணையாக வாங்கினாலும் மொத்தத்தைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தண்டம் உண்டு. பெரிய ஆர்டர்களுக்கு வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வீடியோவைக் கொடுக்கும் நாள். மூன்று நாட்களுக்குள் ஒரு நிமிட டீசர், ஒரு மாதத்துக்குள் ஹைலைட்ஸ், 60 நாட்களுக்குள் முழு வீடியோ என்பதை உங்கள் கடையின் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு வந்த சொந்தபந்தங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் வாரத்தில் டீசர் வந்தால், குடும்பத்து வாட்ஸ்அப் குழுக்கள் முழுவதும் அது சுற்றி வரும். அதே டீசர் நாற்பது நாள் கழித்து வந்தால் மணமக்கள் இருவர் மட்டும் பார்ப்பார்கள். நீங்களே எல்லா மிக்சிங்கையும் செய்ய முடியாவிட்டால், முழு நீள வீடியோவை வெளியில் கொடுத்துவிட்டு ஹைலைட்ஸை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டிலிருந்து இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை வீட்டிலும் வைக்கும் வரைக்கும் கார்டை அழிக்கக் கூடாது. தாலி கட்டும் காட்சியை இரண்டாவது முறை எடுக்க முடியாது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். தொழில் தொடங்கிய மூன்றாவது ஆண்டு, வரிசையாக ஆர்டர்களை ஒப்புக்கொண்டு, ஒரு கல்யாணத்தின் கேசட்டை ஒன்றரை ஆண்டு தாமதமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் பந்தல் போட்டிருந்தது. அந்தத் தம்பதியின் குழந்தைக்குக் காதுகுத்து. வேறொரு வீடியோக்காரர் கேமராவை முக்காலியில் பூட்டிக்கொண்டிருந்தார். குழந்தையின் தாத்தா கோபப்படாமல் பாக்கியைக் கொடுத்து, காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். ஒரு கல்யாணத்தோடு வளைகாப்பு, பெயர் சூட்டுதல், முதல் பிறந்த நாள், காதுகுத்து, மணப்பெண்ணின் தங்கை கல்யாணம் என்று பத்து ஆண்டுகளுக்கான வேலை அந்த வீட்டில் எனக்குக் காத்திருந்தது என்பதையும், அது அத்தனையையும் நான் இழந்துவிட்டேன் என்பதையும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன். ஆகவே உங்கள் சிவகாசிக் குடும்பத்திடம் எட்டு மாதமாகப் பணம் கேட்பதை நிறுத்திவிட்டு, இந்த வாரமே வீடியோவை முடித்து நேரில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் பணம் அன்றே வந்துவிடும்.

வேறொரு ஸ்டூடியோவுக்கோ நிகழ்ச்சி நடத்தும் நிறுவனத்துக்கோ நீங்கள் வேலை செய்து கொடுத்து, அவர்கள் பணம் தராமல் இழுத்தடித்தால் நிலைமை வேறு. சிறு தொழில்களைப் பதிவு செய்வதற்கான மத்திய அரசின் உதயம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்ட குறுந்தொழிலுக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாட்களுக்குள் அவர்கள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி சேரும். அதற்கான மத்திய அரசின் இணையதளம் வழியாகப் புகார் பதியலாம். வேலையைத் தொடங்கும் முன்பே உதயம் பதிவை முடித்து வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் நாங்கள் போட்ட ஒரு கல்யாண ரீல்ஸை நீக்கச் சொல்லி மணப்பெண் வீட்டார் கேட்கிறார்கள். எடுத்தது நாங்கள்தானே, உரிமையும் எங்களுடையதுதானே? தவிர, யூடியூபில் போட்ட ஹைலைட்ஸுக்குப் பாடல் உரிமை கோரியும் அறிவிப்பு வந்திருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரீல்ஸை இன்றே நீக்கிவிடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்றுக்கொண்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. நீங்கள் எடுத்தீர்கள் என்பது உண்மை; உரிமை அந்தக் குடும்பத்துடையது. ஆர்டர் படிவத்திலேயே, "எங்கள் வேலைக்கு மாதிரியாக இதிலிருந்து சில காட்சிகளை வெளியிட அனுமதிக்கிறோம்" என்ற வரியைச் சேர்த்து, ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள் வையுங்கள். இல்லை என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். ஆம் என்பவருக்கும், வெளியிடும் முன் காட்சியை அனுப்பிச் சம்மதம் பெறுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பெண்ணின் முகத்தை அவர் வீட்டார் விரும்பாதபோது நம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

பாடல் விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணம் சார்ந்த விழாக்களிலும் பாடல் ஒலிப்பதற்கு அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவில் விலக்கு உண்டு. மண்டபத்தில் ஒலித்த பாட்டுக்கான அந்த விலக்கு, திரைப்பாடலை நீங்கள் காட்சியோடு சேர்த்து மிக்சிங் செய்து இணையத்தில் வெளியிடுவதற்கு உதவாது. தொழில் பக்கத்துக்கு, உரிமம் விலைக்குக் கிடைக்கும் இசையையோ, அந்தக் கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரக் குழுவினரின் சம்மதத்தோடு நீங்களே பதிவு செய்த மங்கல இசையையோ பயன்படுத்துங்கள். கெட்டிமேளத்தை நேரடி ஒலியோடு கேட்கும்போது ஏற்படும் சிலிர்ப்பை எந்தத் திரைப்பாடலும் தந்து நான் பார்த்ததில்லை. தனியாக ஒரு மைக் வைத்துப் பதிவு செய்து பாருங்கள்.

கேள்வி: நான் பெண். ஐந்து ஆண்டுகளாக வீடியோ எடுக்கிறேன். "ராத்திரி முழுக்க நிற்க முடியுமா, கூட ஆண் யாராவது வருவார்களா?" என்று கேட்டுத் தயங்குகிறார்கள். இதை எப்படி எதிர்கொள்வது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: முஸ்லிம் குடும்பங்கள் அதிகம் வாழும் காயல்பட்டினம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, சற்றுத் தொலைவில் அதே போன்ற மேலப்பாளையமும் கீழக்கரையும் இருக்கின்றன. பெண்கள் பகுதி தனியாக இருக்கும் கல்யாணங்களில், ஆண் வீடியோக்காரர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் உள்ளே வர முடியாது. அங்கே பெண்கள் மட்டுமே கொண்ட குழு தேவைப்படுகிறது. மற்றச் சமூகங்களிலும் மணப்பெண்ணின் ஒப்பனை அறை, நலங்கு, வளைகாப்பு ஆகிய இடங்களில் நீங்கள் எடுக்கும் காட்சியில் இருக்கும் இயல்பு ஆண்கள் எடுக்கும்போது வருவதில்லை. ஆகவே இன்னும் இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, "படப்பிடிப்பு முதல் மிக்சிங் வரை பெண்களே" என்று உங்கள் பெயர்ப் பலகையிலேயே எழுதுங்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதும் முக்கியம்: காட்சிகள் வெளி ஆள் யாருடைய கம்ப்யூட்டருக்கும் போகாது, வேலை முடிந்து இத்தனை நாளில் எங்கள் பிரதிகளை அழித்துவிடுவோம் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஒரு வீட்டில் அந்த நம்பிக்கை ஏற்பட்டால், அந்தத் தெருவில் நீங்கள் விளம்பரம் செய்ய வேண்டியிருக்காது. இரவு வேலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, நீங்கள் விடிய விடிய எடுத்த ஒரு கல்யாணத்தின் முழு வீடியோவைக் காட்டுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

கேள்வி: ஜிஎஸ்டி எண் வாங்க வேண்டுமா? "ட்ரோன் இலவசம்" என்று விளம்பரம் செய்தால் ஆர்டர் கூடுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. பதிவு செய்துகொண்டால் வழக்கமான முறையில் 18 சதவீத வரி சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். கல்யாண வீட்டாருக்கு அந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை என்பதால் அவர்களுக்கு அது விலையேற்றமே. வரம்பை நெருங்கும்போது கணக்காளரைப் பாருங்கள்.

ட்ரோனை இலவசம் என்று சொல்லவே வேண்டாம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட, அதை இயக்குபவருக்கான சான்றிதழ் வேண்டும். பறக்கக் கூடாத இடங்களும் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. மண்டபம் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போகும். சான்றிதழ் உள்ளவரை அழைத்து, தனிக் கட்டணமாகவே வாங்குங்கள்.

கேள்வி: ஆடியிலும் மார்கழியிலும் கடை வாடகைக்குக்கூட வருமானம் இல்லை. இந்த மாதங்களில் என்ன விற்கலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: அறுபதாம் கல்யாணத்துக்கு ஆடி, மார்கழி என்ற தடை கிடையாது, பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரத்தன்று செய்வதுதான் வழக்கம். திருக்கடையூர்க் கோயிலில் ஆண்டு முழுவதும் அது நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் சேர்ந்து பெற்றோருக்குச் செய்யும் விழா என்பதால் செலவுக்குத் தயங்க மாட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக நேரலையும் கேட்பார்கள். கோயில் அனுமதிக்கும் இடங்களில் மட்டும் எடுங்கள்.

இன்னொன்று, நான் பல ஆண்டுகளாகச் செய்து பலன் கண்டது. 1990-களில் பானசோனிக் எம் 9000 கேமராவைத் தோளில் வைத்து எடுத்த கல்யாணங்களின் விஎச்எஸ் கேசட்டுகள் உங்கள் ஊர் வீடுகளின் பரணில் கிடக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்க அந்த வீடுகளில் டெக் இல்லை. அந்த டெக்கைக் கடைசி வரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழுதில்லாத ஒரு டெக்கைத் தேடி வாங்கி, பூஞ்சை படிந்த நாடாவைத் துடைக்கக் கற்றுக்கொண்டு, "பழைய கல்யாணக் கேசட்டைப் பென் டிரைவில் மாற்றித் தருகிறோம்" என்று ஒரு பலகை வையுங்கள். கேசட்டுக்குச் சில நூறு ரூபாய்தான் கிடைக்கும். ஆனால் அந்தக் கேசட்டில் மணமக்களாக உட்கார்ந்திருப்பவர்களின் மகளுக்கோ மகனுக்கோ இப்போது வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆடியில் முன்பணம் கொடுக்கத் தயங்கும் குடும்பங்களும் விசாரிப்பதற்குத் தயங்குவதில்லை. மாற்றிய வீடியோவை நேரில் கொண்டுபோய், அந்த வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு, கூடத்தில் ஓரமாகப் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். மறைந்துபோன பெரியவர்கள் திரையில் நடந்து வருவதைப் பார்த்து முடித்ததும், ஆவணியில் எந்தெந்தத் தேதி உங்களிடம் காலியாக இருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள். முகூர்த்த நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.